ரிஷிகேஷுக்கு யோகா டீச்சர் டிரெய்னிங் போறீங்களா? டர்பன், ஜோபர்க்ல இருக்கறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

தென்னாப்பிரிக்காவுல இருந்துட்டு 200 மணி நேர டீச்சர் டிரெய்னிங்குக்கு இந்தியா போலாமான்னு யோசிக்கறவங்களுக்காக இதை எழுதறேன். சாட்ஸ்வொர்த்ல, ஃபீனிக்ஸ்ல, லெனேசியாவுலன்னு பல பேர் என்கிட்ட கேட்டுட்டே இருக்காங்க, எல்லாருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி முடியல.

எனக்கு நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். வெப்சைட்ல தாடி வச்ச ஒரு பெரியவர் போட்டோ, முப்பது வருஷ அனுபவம்னு போட்டிருந்தாங்க. அவரை ஆரம்ப நாள் ஹோமத்துல பாத்தோம், அப்புறம் சர்ட்டிஃபிகேட் குடுக்கற அன்னைக்குப் பாத்தோம், நடுவுல ஆளே இல்ல. எங்களுக்குப் பாடம் எடுத்தது போன வருஷம் அதே ஸ்கூல்ல அதே கோர்ஸ் முடிச்ச ஒரு பையன், நல்ல பையன்தான், உடம்பு ரப்பர் மாதிரி வளையும், ஆனா முட்டி வலிக்குதுன்னு ஒருத்தங்க சொன்னா என்ன மாத்திக் குடுக்கணும்னு அவனுக்குச் சொல்லத் தெரியல. ஹால்ல பாய்க்குப் பாய் இடிக்கற அளவுக்குக் கூட்டம். அனாட்டமி கிளாஸ்னு ஒருத்தர் ஸ்லைடைப் பாத்து வாசிச்சுட்டுப் போனார். கடைசியில எல்லார் கையிலயும் 200 மணி நேரம்னு போட்ட தாள் மட்டும் இருந்துச்சு.

எல்லா ஸ்கூலும் இப்படி இல்ல. பக்கத்துத் தெருவுலயே வேற எடத்துல படிச்சவங்க சந்தோஷமா திரும்பினாங்க. வித்தியாசம் எங்க இருக்குன்னு கீழ சொல்லிருக்கேன்.

1. சர்ட்டிஃபிகேட் எதுக்குன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

தென்னாப்பிரிக்காவுல யோகா சொல்லிக்குடுக்க அரசாங்க லைசென்ஸ்னு ஒண்ணும் தேவையில்ல. கோயில் ஹால்ல அக்கா, ஆன்ட்டிங்களுக்கு கிளாஸ் எடுக்க யாரும் தாள் கேக்கமாட்டாங்க. ஜிம், ஸ்டூடியோ, ஹோட்டல்ல சேரணும்னா கேப்பாங்க, அவங்க கேக்கறது பெரும்பாலும் யோகா அலையன்ஸ்ங்கற அமைப்போட ஆர்ஒய்டி 200, அதாவது 200 மணி நேரம் படிச்சுப் பதிவு பண்ணின டீச்சர்ங்கற அடையாளம். இந்த 200 மணி நேரத் தாளுக்கு என்கியூஎஃப் (தென்னாப்பிரிக்க அரசாங்கக் கல்வித் தகுதி வரிசை) லெவல் எதுவும் கிடையாது, அதை வச்சு ஸ்கூல்ல பி.டி. டீச்சர் வேலைக்குப் போலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உங்க சொந்தப் பயிற்சிக்காகன்னா இவ்ளோ செலவு பண்ணி இவ்ளோ தூரம் போகணுமான்னு ஒரு தடவை யோசிங்க. டர்பன் ரிசர்வாயர் ஹில்ஸ்ல டிவைன் லைஃப் சொசைட்டியோட சிவானந்தா ஆசிரமம் இருக்கு, கிளென் அனில்ல ராமகிருஷ்ணா சென்டர் இருக்கு. அந்த மாதிரி எடங்கள்ல கொஞ்ச நாள் போய் உக்காந்துட்டு வந்தாலே உங்களுக்கு என்ன வேணும்னு தெளிவாயிடும்.

2. ஸ்கூலைச் சலிக்கறது (இதுக்குத்தான் நேரம் செலவு பண்ணணும்)

யோகா அலையன்ஸ்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்கங்க. அது அமெரிக்காவுல இருக்கற ஒரு அமைப்பு, ஸ்கூல்களையும் டீச்சர்களையும் பதிவு பண்ணி லிஸ்ட்ல போடுது. இந்திய அரசாங்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. "யோகா அலையன்ஸ் சர்ட்டிஃபைட்"னு போர்டு வச்சிருந்தா யாரோ வந்து உக்காந்து பரிசோதிச்சு முத்திரை குத்தினாங்கன்னு அர்த்தம் இல்ல. பாடத்திட்டத்தைத் தாள்ல காட்டி, சந்தா கட்டிப் பதிவு பண்ணிருக்காங்க, அவ்ளோதான். அதனால லோகோவைப் பாத்து மயங்காதீங்க, ஆனா யோகா அலையன்ஸ் டைரக்டரியில ஸ்கூல் பேரைத் தேடிப் பாருங்க. ஸ்கூல் அங்க இருக்கா, லீட் டிரெய்னர்னு யார் பேர் போட்டிருக்கு, அந்த ஆளுக்கு இ-ஆர்ஒய்டி, அதாவது அனுபவமுள்ள டீச்சர்ங்கற பதிவு இருக்கான்னு பாக்கணும். இ-ஆர்ஒய்டி 200 வாங்கவே டிரெய்னிங் முடிச்சு ரெண்டு வருஷமாவது ஆகிருக்கணும், 1000 மணி நேரம் கிளாஸ் எடுத்திருக்கணும். எனக்குப் பாடம் எடுத்த பையன் அதுக்குப் பக்கத்துல கூட இல்ல.

இந்திய அரசாங்கப் பக்கம் ஆயுஷ் அமைச்சகத்துக்குக் கீழ யோகா சர்ட்டிஃபிகேஷன் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா ஒய்சிபி. அதுல தனியா பரீட்சை எழுதணும், செஞ்சும் காட்டணும். சில ஸ்கூல்காரங்க "எங்க கோர்ஸ் ஆயுஷ் அப்ரூவ்டு"ன்னு பொத்தாம்பொதுவா சொல்வாங்க. ஒய்சிபி பரீட்சை கோர்ஸோட சேர்ந்ததா, பீஸ் தனியா, எந்த லெவல்னு மூணையும் கேளுங்க, பாதிப் பேர் அங்கயே பேச்சை மாத்துவாங்க.

இப்போ கணக்குக்கு வருவோம், எனக்கு இதுலதான் கோபம். பல ஸ்கூல் 200 மணி நேரத்தை 24 நாள்ல முடிக்கறோம்னு சொல்றாங்க. வந்த நாள் பூஜை, போற நாள் போட்டோ, அந்த ரெண்டையும் கழிங்க. மூணு ஞாயித்துக்கிழமை லீவு, அதையும் கழிங்க. மிச்சம் 19 நாள். 200ஐ 19ஆல வகுத்தா ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரம் கிளாஸ் இருக்கணும். ஆனா அவங்க அனுப்பற டைம்டேபிளை எடுத்துக் கூட்டிப் பாருங்க: காலையில பிராணாயாமம் ஒரு மணி நேரம், ஆசனம் ஒன்றரை, டிஃபனுக்கு அப்புறம் தத்துவம் ஒண்ணு, அனாட்டமி ஒண்ணு, மதியம் அலைன்மென்ட் ஒண்ணு, சாயங்காலம் ஆசனம் ஒன்றரை, தியானம் ஒண்ணு. மொத்தம் எட்டு. எட்டை 19ஆல பெருக்குனா 152. மீதி 48 மணி நேரம் எங்க போச்சு? கேட்டா "செல்ஃப் ஸ்டடி"ம்பாங்க. கங்கைக் கரையில உக்காந்து டீ குடிச்சதையும் சேத்துதான் 200 போல. 28 நாள் கோர்ஸா இருந்தா கொஞ்சம் பரவால்ல, அதுலயும் இதே மாதிரி கழிச்சுப் பாத்தா 176தான் வருது. முழுசா 200 வரணும்னு அடம் பிடிக்கல, ஆனா எவ்ளோ குறையுதுன்னு தெரிஞ்சுட்டு பணம் கட்டுங்க.

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு இமெயில் போடுங்க. வாட்ஸப் வேண்டாம், அங்க "யெஸ் மேம், நோ ப்ராப்ளம் மேம்"னுதான் வரும். இமெயில்ல கேக்க வேண்டியது:

ஒவ்வொரு பாடத்தையும் எடுக்கப்போறது யார், பேரோட டைம்டேபிள் வேணும். வெப்சைட்ல இருக்கற மெயின் குரு தினமும் எத்தனை மணி நேரம் கிளாஸ்ல இருப்பார். அந்த பேட்ச்ல அதிகபட்சம் எத்தனை பேர், எத்தனை உதவி டீச்சர். நான் மத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்துப் பழகறதுக்கு எனக்கு மொத்தம் எத்தனை மணி நேரம். டீச்சர் மாறினா அல்லது பேட்ச் பெருசானா பணம் திரும்பக் கிடைக்குமா.

நாலாவது கேள்விதான் முக்கியம். ஆசனம் பண்றது வேற, இன்னொருத்தர் உடம்பைப் பாத்து சொல்லிக்குடுக்கறது வேற, நாம பணம் கட்டறது ரெண்டாவதுக்கு. எங்க பேட்ச்ல ஆளுக்குப் பத்து நிமிஷம் குடுத்தாங்க, அதுவும் கடைசி வாரத்துல, சூரிய நமஸ்காரத்துல பாதி போறதுக்குள்ள கை தட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்ட்டாங்க. அந்த பையன் எங்க யாரையும் திருத்தவே இல்ல, "வெரி குட்"னு மட்டும் சொன்னான். நல்ல எடத்துல ரெண்டாவது வாரத்துலேர்ந்தே சின்னச் சின்னதா எடுக்க விடுவாங்க, ஒவ்வொரு தடவையும் உக்காந்து குறை சொல்வாங்க.

இமெயிலுக்கு நேரா பதில் வரலைன்னா அந்த ஸ்கூலை விட்டுடுங்க. பதில் வந்தா பாடம் எடுக்கப்போற டீச்சரோட ஒரு வீடியோ கால் கேளுங்க. ஓனர் வர்றேம்பார், வேண்டாம், டீச்சர்தான் வேணும்னு சொல்லுங்க. "எனக்கு இடுப்பு வலி இருக்கு, முன்னாடி குனியற ஆசனத்துக்கு என்ன பண்ணலாம்"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும், அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஹிந்தி கலக்காம பேசறாங்களான்னும் அப்பவே பாத்துக்கலாம், நமக்கு ஹிந்தி வராதுன்னா அவங்களுக்கு நம்பவே முடியல, "இந்தியன்தானே நீங்க"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க.

ரிவ்யூ பத்தி. அஞ்சு ஸ்டாரைப் படிக்காதீங்க, ஏன்னு கீழ 8ல சொல்றேன். மூணு ஸ்டார், ரெண்டு ஸ்டார் போட்டவங்க எழுதினதைப் படிங்க, அதுலயும் போன ஆறு மாசத்துல வந்தது. ஒரே ஓனர் ரெண்டு மூணு பேர்ல ஸ்கூல் நடத்தறதும் உண்டு, ரெண்டு வெப்சைட்ல ஒரே ஹால், ஒரே ஜன்னல், ஒரே டீச்சர் தெரிஞ்சா உஷாராயிடுங்க.

இன்னொண்ணு. யோகான்னா ரிஷிகேஷ்தான்னு இல்ல. சென்னையில கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இருக்கு, பாண்டிச்சேரியில ஆனந்த ஆசிரமம், கேரளா நெய்யாறு டேம்லயும் மதுரை பக்கமும் சிவானந்தா ஆசிரமம், முங்கேர்ல பீகார் ஸ்கூல், லோனாவ்லாவுல கைவல்யதாமா. இதுங்கள்ல சிலது மாசக்கணக்குல போகும், சிலது நாலு வாரம், கண்டிப்பு ஜாஸ்தி, இன்ஸ்டாகிராமுக்கு போட்டோ நல்லா வராது. ஆனா இவங்க பல வருஷமா ஒரே முறையில சொல்லிக்குடுக்கறவங்க. விலை, தேதி எல்லாம் விசாரிச்சு ஒப்பிட்டுப் பாருங்க. தமிழ்நாட்டுப் பக்கம்னா ஆட்டோக்காரர்லேர்ந்து மருந்துக்கடை வரைக்கும் நம்ம பாஷையில பேசலாங்கறது ஒரு மாசம் தனியா இருக்கறவங்களுக்குப் பெரிய நிம்மதி.

3. செலவு, பணம் கட்டற விதம்

நான் தேடினப்போ ரிஷிகேஷ்ல ரூமை ஷேர் பண்ணி, சாப்பாட்டோட 800லேர்ந்து 1500 டாலர் வரைக்கும் சொன்னாங்க. பாலின்னா அதுக்கு ரெண்டு மடங்கு, சில எடம் மூணு மடங்கு. டாலருக்கு 18 ராண்டுன்னு வச்சு 1200 டாலர்னா 21,600 ராண்டு. இதோட நிக்காது. பிளைட், டெல்லியிலேர்ந்து டாக்சி, டிராவல் இன்சூரன்ஸ், தனி ரூம் வேணும்னா அதுக்கு எக்ஸ்ட்ரா, ஞாயித்துக்கிழமை சுத்திப் பாக்கறது, புக், பாய், யோகா அலையன்ஸ் பதிவு. கோர்ஸ் பீஸ் எவ்ளோவோ கிட்டத்தட்ட அதே அளவு இன்னொரு பங்கு கையில இருக்கணும்னு வச்சுக்கங்க. அதோட ஒரு மாசம் சம்பளமில்லாத லீவு எடுக்கறவங்க அதையும் கணக்குல சேருங்க, பல பேர் இதை மறந்துடறாங்க.

அட்வான்ஸை மட்டும் கட்டுங்க, அதையும் கிரெடிட் கார்டுல கட்டுங்க. பேங்க் டிரான்ஸ்ஃபர்ல, வெஸ்டர்ன் யூனியன்ல அனுப்பினா போனது போனதுதான். கார்டுல கட்டினா சொன்ன சர்வீஸ் குடுக்கலைன்னு உங்க பேங்க்கிட்ட டிஸ்ப்யூட் போட ஒரு வழி இருக்கு. முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினா பத்து பர்சென்ட் தள்ளுபடின்னு ஆசை காட்டுவாங்க, அந்தப் பத்து பர்சென்ட்டை விட்டுடுங்க. மிச்சத்தை அங்க போய், ரெண்டு தவணையா, முதல் வாரம் பாதி, மூணாவது வாரம் பாதின்னு இமெயில்லயே பேசி வச்சுக்கங்க. ஒத்துக்கற ஸ்கூலும் இருக்கு. ரிஃபண்ட் பாலிசியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, தேதி தெரியற மாதிரி, ஏன்னா அந்தப் பக்கம் அப்புறம் மாறிடும்.

ரசீதை ஒவ்வொரு தடவையும் கேளுங்க. கேஷ் குடுத்தா தள்ளுபடி, ரசீது இல்லன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க.

4. எப்போ போறது

நம்ம ஊர் லீவும் ரிஷிகேஷ் சீசனும் ஒத்தே வராது. டிசம்பர் ஜனவரியில நமக்கு நீள லீவு, அங்க நல்ல குளிர். டர்பன் வெயில்ல இருந்துட்டு ஹீட்டர் இல்லாத ரூம்ல காலையில அஞ்சரைக்கு எழுந்து குளிக்கறதுன்னா யோசிச்சுக்கங்க. ஜூன் ஜூலை லீவுல போனா மழை ஆரம்பிச்சிடும், ஜூலை ஆகஸ்ட் பக்கம் காவடி யாத்திரைன்னு சிவபக்தர்கள் லட்சக்கணக்குல வருவாங்க, நம்ம தைப்பூசக் காவடி இல்ல இது, கங்கைத் தண்ணி எடுத்துட்டுப் போறது, ரோடெல்லாம் அடைச்சிடுவாங்க, டெல்லியிலேர்ந்து போய்ச் சேர ஒரு முழு நாள் ஆனாலும் ஆகும்.

பிப்ரவரி கடைசிலேர்ந்து ஏப்ரல் பாதி வரைக்கும், அப்புறம் செப்டம்பர் கடைசிலேர்ந்து நவம்பர் வரைக்கும் நல்லாருக்கும். ஆனா அப்போதான் பேட்ச் நிரம்பி வழியும், மார்ச்ல யோகா திருவிழா வேற. கூட்டம் வேண்டாம்னா நவம்பர் பின்பாதி. புரட்டாசி விரதம் இருக்கறவங்க செப்டம்பர் அக்டோபர்ல தாராளமா போலாம், ரிஷிகேஷ் ஊருக்குள்ள கறி, முட்டை விக்கறதுக்குத் தடை இருக்கு. ஈஸ்டர் லீவுல போறவங்க குட் ஃப்ரைடே அன்னைக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போக முடியாதேன்னு வீட்ல பேச்சு வாங்கத் தயாரா இருங்க.

5. பாஸ்போர்ட், விசா, ஊசி

தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுன்னா இந்தியா போய்ச் சேர்ற தேதியிலேர்ந்து ஆறு மாசம் செல்லுபடியாகணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். புதுசு எடுக்க ஹோம் அஃபேர்ஸ்ல சாதா பாஸ்போர்ட் 600 ராண்டு.

விசாவுக்கு இ-டூரிஸ்ட் விசா போதும். குறுகிய கால யோகா பயிற்சிக்கு வரலாம்னு அதுலயே தெளிவா போட்டிருக்கு, அதனால ஸ்டூடன்ட் விசா எடுத்துத் தர்றோம்னு காசு கேக்கறவங்களை நம்பாதீங்க. அரசாங்க சைட் ஒண்ணே ஒண்ணுதான், அட்ரஸ் gov.in-னு முடியணும். கூகுள்ல தேடினா மேல விளம்பரமா வர்றது எல்லாம் அதே மாதிரி ஜோடிச்ச ஏஜென்ட் சைட்டுங்க, அம்பது நூறு டாலர் கேப்பாங்க. நான் எடுத்தப்போ நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசாக் கட்டணமே கிடையாது. நாடு வாரியா கட்டண லிஸ்ட் அந்த சைட்லயே இருக்கு, பாத்துட்டுப் போங்க.

30 நாள் விசா எடுக்காதீங்க. கோர்ஸ் 28 நாள், ரெண்டு நாள் முன்னாடி போய்ச் சேரணும், பிளைட் தள்ளிப்போனா அதோட முடிஞ்சுது, அதை நீட்டிக்கவும் முடியாது. ஒரு வருஷ விசா எடுங்க. சதுர போட்டோ, பாஸ்போர்ட் முதல் பக்கம் பிடிஎஃப்பா, இந்தியாவுல ஒரு முகவரி, போன் நம்பர் வேணும், ஸ்கூல் அட்ரஸைப் போடலாம். போய்ச் சேர்றதுக்கு நாலு நாள் முன்னாடி வரைக்கும் அப்ளை பண்ணலாம்னாலும் மூணு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க. பேர், பாஸ்போர்ட் நம்பர்ல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் புதுசா அப்ளை பண்ணணும். கிரான்டட்னு வந்ததும் பிரின்ட் எடுத்துக் கையில வச்சுக்கங்க. இந்தியா போய்ச் சேர்றதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள இ-அரைவல் கார்டு ஆன்லைன்ல நிரப்பணும், அதுவும் இலவசம். ஓசிஐ கார்டு (வெளிநாட்டுல இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கறது) இருக்கறவங்களுக்கு விசா வேலையே இல்ல.

ஜோபர்க்ல வேலை விசாவுல இருக்கற தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இந்தியா போறதுல பிரச்சனை இல்ல, திரும்பி வர்றதுலதான். தென்னாப்பிரிக்க பர்மிட் தேதியைப் பாத்துட்டுக் கிளம்புங்க. டிபெண்டன்ட் விசாவுல இருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம், சர்ட்டிஃபிகேட் வாங்கினாலும் அந்த விசாவுல காசு வாங்கிட்டு கிளாஸ் எடுக்க முடியாது. முதலீடு பண்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

அடுத்து ஊசி. மஞ்சள் காமாலைக்கு இல்லைங்க, மஞ்சள் காய்ச்சலுக்கு, யெல்லோ ஃபீவர். தென்னாப்பிரிக்காவுலேர்ந்து நேரா போனா ஊசி கேக்கமாட்டாங்க. ஆனா டிக்கெட் மலிவுன்னு அடிஸ் அபாபா, நைரோபி வழியா போட்டீங்கன்னா கேக்கலாம், ஏன்னா அந்த ரெண்டு ஊரும் இருக்கற நாடுங்க மஞ்சள் காய்ச்சல் லிஸ்ட்ல இருக்கு. ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராம மாறி ஏறினா விலக்கு உண்டுதான், ஆனா அது அங்க இருக்கற ஹெல்த் ஆபிசர் முடிவு, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா உக்கார வைக்கலாம். திரும்பி வரும்போதும் அந்த ஊர் ஏர்போர்ட்ல 12 மணி நேரத்துக்கு மேல காத்திருந்தா நம்ம பக்கமும் கேப்பாங்க. ஊசி போட்டா பத்து நாள் கழிச்சுதான் சர்ட்டிஃபிகேட் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். நான் டர்பன் கிங் ஷாக்கா ஏர்போர்ட்லேர்ந்து துபாய் வழியா போனேன், இந்தத் தொல்லையே இல்ல, டிக்கெட் மட்டும் கொஞ்சம் கூட.

டெல்லியில இறங்கினா ரிஷிகேஷ் கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர், கார்ல அஞ்சாறு மணி நேரம். டேராடூன் ஜாலி கிராண்ட் ஏர்போர்ட்டுக்கு இன்னொரு பிளைட் பிடிச்சா அங்கேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ராத்திரி டெல்லியில இறங்கி அப்படியே டாக்சியில மலைப்பக்கம் கிளம்பறதை, முக்கியமா தனியா போற பொண்ணுங்க, தவிர்த்துடுங்க.

6. போய் இறங்கின முதல் மூணு நாள்

கோர்ஸ் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போய் வெளிய ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல தங்குங்க. ஸ்கூலுக்கு நடந்து போய் பாருங்க, அப்போ ஓடிட்டு இருக்கற பேட்ச் ஆளுங்க வெளிய டீக்கடையில நிப்பாங்க, அவங்களைக் கேட்டாப் போதும், எந்த ரிவ்யூவும் வேண்டாம்.

சேர்ந்ததும் உங்க பாஸ்போர்ட், விசா காப்பி கேக்கறாங்களான்னு பாருங்க. வெளிநாட்டுக்காரங்க தங்கினா தங்க வச்சவங்க 24 மணி நேரத்துக்குள்ள அந்த விவரத்தை ஆன்லைன்ல ஏத்தணும்ங்கறது அங்க சட்டம். கேக்கவே இல்லைன்னா அந்த எடம் முறையா பதிவு பண்ணலைன்னு சந்தேகப்படலாம். காப்பி குடுங்க, ஒரிஜினலை அவங்க கையில விட்டுட்டு வராதீங்க.

சிம் கார்டு வாங்கவும் பாஸ்போர்ட், விசா, போட்டோ வேணும். அங்க எல்லாரும் போன்லயே பணம் கட்டுவாங்க, நமக்கு அது சுலபத்துல வராது, அதனால சில்லறை நோட்டா வச்சுக்கங்க.

ஒரு சின்ன நோட்டு போட்டு தினமும் எந்த கிளாஸ், யார் எடுத்தாங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடிஞ்சுதுன்னு எழுதிட்டே வாங்க. பின்னாடி சண்டை போடணும்னா உங்க கையில இருக்கற ஒரே ஆயுதம் அதுதான். மூணாவது நாளும் மெயின் டீச்சர் வரலைன்னா அன்னைக்கே கேளுங்க, தனியா போகாதீங்க, நாலஞ்சு பேரா போங்க, பேசி முடிச்சதும் பேசினதையே இமெயிலா அனுப்பிடுங்க. நாங்க ரெண்டாவது வாரம் கூடிப் போனப்போ "குருஜி யாத்திரையில இருக்கார், நாளைக்கு வந்துடுவார்"னாங்க. அந்த நாளைக்கு வரவே இல்ல. ஆனா கூடிப் போய்க் கேட்டதால அனாட்டமிக்கு மட்டும் வேற ஒரு பிசியோதெரபிஸ்டைக் கூட்டிட்டு வந்தாங்க, அந்த அம்மா எடுத்த கிளாஸ்தான் மொத்த மாசத்துலயும் உருப்படியா இருந்துச்சு.

7. உடம்பு

தினமும் ரெண்டு வேளை ஆசனம், பழக்கம் இல்லாதவங்களுக்குத் தொடை பின்பக்கம், மணிக்கட்டு, தோள் மூணும் அடி வாங்கும். போறதுக்கு மூணு மாசம் முன்னாடியிலேர்ந்து வாரத்துக்கு நாலு நாளாவது பழகிட்டுப் போங்க. பழைய அடி, ஆபரேஷன், பிரஷர், சுகர் எது இருந்தாலும் எழுதிக் குடுங்க.

ஜலநேதி, அதாவது மூக்குல தண்ணி விட்டுக் கழுவறதை, குழாய்த் தண்ணியில பண்ணாதீங்க. கொதிக்க வச்சு ஆறின தண்ணி, லிட்டருக்கு 9 கிராம் உப்பு. "கங்கா ஜலம் மேம், சுத்தம்"னு சொன்னாலும் சரி. மூக்கு வழியா அசுத்தத் தண்ணி போறது வயித்துக்குப் போறதை விட ஆபத்து.

மேல ஏறி அமுக்கி ஆசனத்தைத் திருத்தறது சில டீச்சருக்குப் பழக்கம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், கோச்சுப்பாங்கன்னு பயப்படாதீங்க. தொடறது வேற மாதிரி தோணினா, தனியா ரூமுக்கு மசாஜ், "எனர்ஜி ஹீலிங்"னு கூப்ட்டா, அன்னைக்கே பெட்டியைக் கட்டுங்க, பணம் பின்னாடி பாத்துக்கலாம். டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது யோகா பயிற்சியில வர்ற காயமும் அதுல அடங்குமான்னு எழுத்துல கேட்டுக்கங்க.

8. சர்ட்டிஃபிகேட் வாங்கும்போது

பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர் இருக்கா, ஆரம்ப தேதி, முடிஞ்ச தேதி, மணி நேரம், ஸ்கூலோட பதிவு விவரம், லீட் டிரெய்னர் கையெழுத்து எல்லாம் இருக்கான்னு அங்கயே பாருங்க. எங்க பேட்ச்ல பாதிப் பேருக்குப் பேர்ல எழுத்துப்பிழை, நாயுடு, கோவெண்டர், மூட்லி, பிள்ளேன்னு நம்ம தென்னாப்பிரிக்க ஸ்பெல்லிங்கை அவங்க இஷ்டத்துக்குத் திருத்திடறாங்க. ஊருக்கு வந்து மாத்தச் சொன்னா மாசக்கணக்குல இழுக்கும்.

கடைசி நாள் போனை நீட்டிட்டு கூகுள்ல அஞ்சு ஸ்டார் போடுங்க, கேமராவைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு கேப்பாங்க, அதைப் பண்ணின அப்புறம்தான் சர்ட்டிஃபிகேட் மேஜையிலேர்ந்து நகரும். மாலையும் பொட்டுமா நிக்கறப்போ யாருக்கும் மறுத்துப் பேச வாய் வராது. அந்த அஞ்சு ஸ்டார் எல்லாம் அப்படி வந்ததுதான். "ஊருக்குப் போய் நிதானமா எழுதறேன்"னு சொல்லிட்டு தாளைக் கையில வாங்குங்க.

9. சொன்னது நடக்கலைன்னா

மொதல்ல ஸ்கூலுக்கு இமெயில்: என்ன சொன்னீங்க, என்ன குடுத்தீங்க, எவ்ளோ பணம் திரும்ப வேணும், எந்த தேதிக்குள்ள. உங்க நோட்டுல இருக்கற மணி நேரக் கணக்கைச் சேருங்க. பதில் இல்லைன்னா கார்டு குடுத்த பேங்க்கிட்ட டிஸ்ப்யூட், இதுக்குக் கெடு உண்டு, திரும்பி வந்த வாரமே போடுங்க. யோகா அலையன்ஸ்ல புகார் குடுக்கலாம், அவங்க பணம் வாங்கித் தரமாட்டாங்க, ஆனா ஸ்கூல் அதுக்குப் பயப்படும். இந்தியாவுல இருக்கும்போதே நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்குப் போன் பண்ணிப் பதிவு பண்ணலாம், அந்தப் புகார் நம்பரை இமெயில்ல போட்டாலே சில ஓனர்களுக்கு ஞாபகசக்தி திரும்பும். எனக்கு முழுசா கிடைக்கல, தனி ரூமுக்குக் கட்டின எக்ஸ்ட்ரா மட்டும் திரும்பி வந்துச்சு, அதுவும் டிஸ்ப்யூட் போட்டதுக்கு அப்புறம்.

"பணம் வேண்டாம், இங்கயே தங்கி அசிஸ்டென்ட்டா கிளாஸ் எடுங்க, அடுத்த கோர்ஸ் ஃப்ரீ"ன்னு ஒரு ஆஃபர் வரும். டூரிஸ்ட் விசாவுல வேலை செய்யக்கூடாது, மாட்டினா அனுபவிக்கறது நீங்கதான். எங்க டீச்சர் பையன் எப்படி அங்க வந்தான்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

10. திரும்பி வந்தப்புறம்

யோகா அலையன்ஸ்ல பதிவு பண்ண விண்ணப்பக் கட்டணம், அப்புறம் வருஷா வருஷம் சந்தா, ரெண்டும் டாலர்ல. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 45 மணி நேரம் கிளாஸ் எடுத்ததும் 30 மணி நேரம் மேல படிச்சதும் காட்டணும். எந்த ஜிம்மும் கேக்கலைன்னா அவசரப்பட்டுப் பதிவு பண்ணாதீங்க, வேலை அமையும்போது பண்ணிக்கலாம்.

கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (கிளாஸ்ல யாருக்காவது அடிபட்டு நம்மகிட்ட நஷ்டஈடு கேட்டா உதவறது) எடுங்க, வர்றவங்ககிட்ட உடம்பு விவரம் கேட்டு, அடிபட்டா நம்ம பொறுப்பில்லங்கற இன்டெம்னிட்டி ஃபார்ம்ல கையெழுத்து வாங்குங்க. நம்ம கிளாஸுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு சுகர், பிரஷர், முட்டி தேய்மானம். தலைகீழா நிக்கற ஆசனமெல்லாம் அவங்களுக்கு வேண்டாம், நாற்காலியில உக்காந்து பண்றதை நல்லா கத்துக்கங்க, அதை எந்த 200 மணி நேரத்துலயும் ஒழுங்கா சொல்லித்தர்றதில்ல. நான் இங்க டர்பன்லயே ஒரு வயசான டீச்சர்கிட்ட வாரம் ஒரு நாள் போய் அவங்க கிளாஸ்ல உதவியா நின்னு கத்துக்கிட்டேன், காசு வாங்கல, பாய் விரிச்சு மடிக்கற வேலை மட்டும் என்னுது. உங்க பக்கத்துல அப்படி யாராவது இருந்தா இந்தியா போறதுக்கு முன்னாடியே போய்ச் சேருங்க, ஆறு மாசம் கழிச்சும் டிக்கெட் போடணும்னு தோணினா மேல இருக்கற ரெண்டாவது நம்பர்லேர்ந்து ஆரம்பிங்க.